ஃபெஸா, மராக்கேஷா? மொராக்கோவின் கைவினையையும் கட்டடக்கலையையும் காண ஒரு குறும்பயணம்

மொராக்கோவுக்கு மூன்று அல்லது நான்கு நாள்களே ஒதுக்க முடிந்த ஒருவர், கடற்கரையையும் பாலைவனத்தையும் விட்டுவிட்டுக் கைவினை, வடிவமைப்பு, கட்டடக்கலை ஆகியவற்றை மட்டும் பார்க்க விரும்பினால், முதலில் முடிவு செய்ய வேண்டியது ஃபெஸுக்குப் போவதா, மராக்கேஷுக்குப் போவதா என்பதைத்தான். இரண்டையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம் என்று திட்டமிடுபவர்கள் உண்டு. ஆனால் இவ்விரு நகரங்களுக்கும் இடையே ரயிலில் ஏறத்தாழ 7 மணி நேரம் ஆகிறது; குறும்பயணத்தில் அது ஒரு பகல் பொழுதை முழுதாக விழுங்கிவிடும். ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே முறை. ஃபெஸில் ஒரு பொருள் செய்யப்படுவதைப் பார்க்கலாம். அந்தப் பழைய தொழில்நுட்பத்தை இன்றைய வடிவமைப்பாளர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்பதை அறிய மராக்கேஷ்தான் ஏற்ற இடம். என் தேர்வு ஃபெஸ். அதற்கான காரணங்களோடு, எந்தெந்த வகையில் மராக்கேஷ் அதை மிஞ்சுகிறது என்பதையும் கீழே அலசுகிறேன்.

ஃபெஸ் 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்ரீசிய அரசர்களால் தோற்றுவிக்கப்பட்டது. மராக்கேஷை 1070ஐ ஒட்டிய ஆண்டுகளில் அல்மொராவித் வம்சத்தார் நிறுவினார்கள். ஃபெஸின் பழைய நகரம் 1981இலும் மராக்கேஷின் பழைய நகரம் 1985இலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. மொராக்கோவில் மதில் சூழ்ந்த பழைய நகரத்தை மெதினா என்பார்கள். ஃபெஸின் மெதினா சரிவில் அமைந்தது. சந்துகள் குறுகலானவை என்பதால் உள்ளே கார் போக வழியில்லை, சரக்கெல்லாம் கழுதையிலும் கோவேறு கழுதையிலும் தள்ளுவண்டியிலும்தான் போகிறது. மராக்கேஷின் மெதினா சமதளத்தில் விரிந்தது. அதன் கடைத்தெருக்களில் மோட்டார் சைக்கிள்கள் உங்கள் முழங்கையை உரசிக்கொண்டு போகும். நின்று ஒரு கதவின் சித்திர வேலையைப் பார்க்க விரும்புபவருக்கு இந்த வேறுபாடு சிறிதன்று.

மொராக்கோக் கட்டடங்களின் சுவர்களில் இடுப்புயரம் வரை ஓடும் வண்ண ஓட்டுக்கோலத்தை ஸெலீஜ் என்கிறார்கள். இதன் தலைநகரம் ஃபெஸ்தான். மெதினாவுக்கு வெளியே அய்ன் நொக்பி என்னும் குயவர் பகுதியில் உள்ள பட்டறைகளில் இதன் எல்லாப் படிகளையும் ஒரே முற்பகலில் பார்த்துவிட முடியும். அருகிலுள்ள மலைச் சரிவுகளில் எடுக்கப்படும் சாம்பல்நிறக் களிமண்ணை ஊறவைத்து, மிதித்துப் பிசைந்து, உள்ளங்கையளவுச் சதுர ஓடுகளாக அடித்து, வெயிலில் உலர்த்திச் சூளையில் சுடுகிறார்கள். பின்னர் ஒரு பக்கத்தில் ஒரே நிறத்தில் மெருகு பூசி மறுபடியும் சுடுகிறார்கள். சூளைகள் பலவற்றுக்கு எரிபொருள், எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் ஒலிவக் கொட்டைச் சக்கை.

இதற்குப் பின் நடப்பதைத்தான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சுட்ட ஓட்டின் மேல் ஒருவர் அச்சை வைத்து வடிவங்களை வரைகிறார். தரையில் காலை மடக்கி அமர்ந்திருக்கும் இன்னொருவர், இரு முனையும் தட்டையாகத் தீட்டப்பட்ட கனமான சுத்தியலால் அந்தக் கோட்டின் மேலேயே சின்னச் சின்னத் தட்டுகளாகத் தட்டி, நட்சத்திரத்தையும் இதழையும் அம்பு முனையையும் பிரித்தெடுக்கிறார். துண்டின் பின்பக்கத்தைச் சற்றே உள்வாங்கினாற்போல் சரித்துச் செதுக்குகிறார். அப்போதுதான் பதிக்கும்போது மெருகுப் பக்க விளிம்புகள் ஒன்றையொன்று முட்டி இடைவெளி தெரியாமல் சேரும், காரை பின்னால் ஒளிந்துகொள்ளும். சுவர்ப்பலகை செய்யும்போது துண்டுகளை மெருகுப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்தே அடுக்குகிறார்கள். அதாவது, கோலம் போடுபவரின் கண்ணுக்கு நிறமே தெரியாது. மங்கிய மண்நிற முதுகுகளை மட்டும் பார்த்தபடி, எந்த இடத்தில் நீலம், எந்த இடத்தில் தேன்நிறம் என்பதை நினைவிலிருந்தே வைக்கிறார். மேலே காரை ஊற்றி இறுகியபின் பலகையைத் தூக்கி நிறுத்தும்போதுதான் முழுக் கோலமும் வெளிப்படுகிறது. மராக்கேஷில் ஸெலீஜ் பதித்த சுவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஓடு பிறக்கும் இடத்தை இவ்வளவு எளிதாக அங்கே காண முடியாது.

அடுத்து மதரசாக்கள். மாணவர்கள் தங்கிச் சமயக் கல்வி கற்ற இந்த விடுதிகளே, முஸ்லிம் அல்லாதவரும் உள்ளே சென்று பார்க்கக்கூடிய மிகச் சிறந்த கட்டடங்கள். ஃபெஸில் அத்தாரின் (1323–1325), பூ இனானியா (1350களின் முற்பாதி) ஆகிய இரண்டும் மரீனித் அரசர்கள் கட்டியவை; மராக்கேஷின் பென் யூசுப் மதரசா இன்று காணும் வடிவத்தில் 1564–65ஐச் சேர்ந்தது, சஅதி என்னும் வம்சத்தின் அரசர் அப்துல்லா அல்காலிப் கட்டியது. மூன்றிலும் சுவரின் அடுக்கு ஒன்றுதான்: கீழே ஸெலீஜ், நடுவில் ஈரம் காயுமுன் செதுக்கிய சுதை, மேலே தேவதாரு மரம். ஏறத்தாழ இருநூறு ஆண்டு இடைவெளியிலும் இந்த இலக்கணம் மாறவில்லை என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அளவுதான் மாறியது. அத்தாரின் கைக்கடக்கமானது, முற்றத்தின் நடுவில் நின்றால் நான்கு சுவர்களின் நுணுக்கமும் கண்ணுக்கெட்டும். பூ இனானியா அதைவிடப் பெரியது. தொழுகைக் கூடத்துக்கும் முற்றத்துக்கும் இடையே ஒரு நீரோடை ஓடுகிறது. பென் யூசுப் இவை இரண்டையும்விடப் பரந்தது, முற்றத்தின் நடுவே நீள்சதுரக் குளம், சுற்றிலும் இரண்டு தளங்களில் 130க்கும் மேற்பட்ட அறைகள். மராமத்துக்குப்பின் 2022இல் மீண்டும் திறக்கப்பட்டது. மாடிக்கு ஏறி, மாணவர்களின் சிற்றறைகளிலிருந்து முற்றத்தை எட்டிப் பார்க்க முடிவது அதன் தனிச்சிறப்பு. கட்டடத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ளப் பென் யூசுப்பும், கைவேலையின் கூர்மையைப் பார்க்க அத்தாரினும் சிறந்தவை.

பூ இனானியாவைக் கட்டிய சுல்தான் அபூ இனானுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 14ஆம் நூற்றாண்டு மொராக்கோப் பயணி இப்னு பதூதா ஊர் திரும்பியபின் தம் பயணங்களை வாய்மொழியாகச் சொல்ல, அவற்றை எழுதிவைக்கும்படி ஆணையிட்டவர் இவரே. மதுரை சுல்தானகத்தையும் இலங்கையின் ஆரியச் சக்கரவர்த்தியையும் பற்றி இப்னு பதூதா விட்டுச்சென்ற வருணனைகள் 1355இல் எழுதி முடிக்கப்பட்டது இதே ஃபெஸ் நகரில்தான்.

பள்ளிவாசல்களில் ஒரு வரம்பு இருக்கிறது. மொராக்கோவில் தொழுகை நடக்கும் பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதியில்லை. 859இல் பாத்திமா அல்பிஹ்ரி என்னும் பெண்மணி நிறுவியதாக மரபு சொல்லும் ஃபெஸின் கரவிய்யீன் பள்ளிவாசலையும், ஏறத்தாழ 77 மீட்டர் உயர மினாராவோடு நிற்கும் மராக்கேஷின் குதுபிய்யாவையும் அவர்கள் வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும். இதில் மராக்கேஷுக்குச் சற்றே சாதகம்: மினாராவின் நான்கு முகங்களும் நான்கு வகை வளைவுகளால் அலங்கரிக்கப்பட்டுத் திறந்தவெளியில் நிற்பதால், சுற்றி வந்து பார்ப்பதே போதுமான பாடம். கரவிய்யீனோ கடைகளுக்கு நடுவே புதைந்து கிடக்கிறது. கதவுகள் வழியாகத் தெரியும் முற்றத்துண்டு மட்டுமே வெளியாருக்கு. விமானம் காசாபிளாங்காவில் இறங்குமானால், இந்த வரம்புக்கு விதிவிலக்காக, 1993இல் திறக்கப்பட்ட இரண்டாம் ஹசன் பள்ளிவாசலை வழிகாட்டியோடு எவரும் உள்ளே சென்று பார்க்கலாம். 20ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் இந்தக் கைத்தொழில்கள் எவ்வளவு பேரளவில் செய்யப்பட்டன என்பதற்கு அதுவே சான்று. அரைநாள் அதற்குப் போதும். மற்றபடி காசாபிளாங்காவையோ ரபாத்தையோ இந்தப் போட்டியில் சேர்க்க மாட்டேன்.

அரச கட்டடங்கள் என்று வந்தால் மராக்கேஷ் தெளிவாக முந்துகிறது. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த அல்மொராவித் குப்பா என்னும் குவிமாடக் கட்டடம், சுற்றியுள்ள தெரு காலப்போக்கில் உயர்ந்துவிட்டதால் இன்று பள்ளத்தில் நிற்கிறது. அதன் குவிமாடத்தின் உட்புறச் செதுக்கல்தான் பிற்கால மொராக்கோ அலங்காரத்தின் பல கூறுகளுக்குத் தொடக்கம். சஅதி வம்சத்தாரின் கல்லறை மாடத்தில் இத்தாலியக் கராராப் பளிங்குத் தூண்கள் பன்னிரண்டு நிற்கும் மண்டபம் இருக்கிறது. பாழடைந்து கிடக்கும் எல் பாதி அரண்மனையில் காட்சிக்கு வைத்திருக்கும் குதுபிய்யா பள்ளிவாசலின் பழைய மிம்பரை, அதாவது பிரசங்க மேடையை, தவறவிடக் கூடாது. 1137இல் ஸ்பெயினின் கோர்தோபாவில் தொடங்கப்பட்ட அந்த மர வேலையில், சிறுசிறு மரத்துண்டுகளும் எலும்புத்துண்டுகளும் இழைத்துப் பதிக்கப்பட்டுள்ளன. ஃபெஸில் அரண்மனையை வெளிக்கதவோடு பார்த்துத் திரும்ப வேண்டியதுதான்.

மராக்கேஷின் உண்மையான பலம் நவீன வடிவமைப்பில் இருக்கிறது. அதற்கு அடிப்படையாக இருப்பது தடெலக்ட் என்னும் சுண்ணாம்புப் பூச்சு. மராக்கேஷ் வட்டாரச் சுண்ணாம்பைச் சுவரில் பூசி, காய்ந்துவரும் பதத்தில் கூழாங்கல்லால் தேய்த்து, ஒலிவ எண்ணெயில் செய்த கருஞ்சோப்பைத் தடவி மீண்டும் தேய்ப்பார்கள். சோப்பும் சுண்ணாம்பும் வினைபுரிந்து நீரில் கரையாத ஒரு படலமாகிவிடுவதால் தண்ணீர் உள்ளே இறங்காது. அதனால்தான் பொதுக் குளியலறைகளிலும் நீர்த்தொட்டிகளிலும் இதைப் பயன்படுத்தினார்கள். செட்டிநாட்டு வீடுகளின் பளபளக்கும் சுண்ணாம்புச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களின் கைக்கு இந்தச் சுவர் அந்நியமாக இருக்காது. 1960களில் மராக்கேஷில் குடியேறிய அமெரிக்க வடிவமைப்பாளர் பில் வில்லிஸ் இதைக் குளியலறையிலிருந்து வரவேற்பறைக்குக் கொண்டுவந்தார். இன்று உலகெங்கும் விடுதிகளில் காணப்படும் மொராக்கோ பாணி பெரும்பாலும் அங்கிருந்து கிளம்பியதே.

பிரெஞ்சு ஓவியர் ஜாக் மஜொரெல் 1923இல் நிலம் வாங்கி வளர்த்த தோட்டமும், அதன் நடுவே 1931இல் பால் சினுவா வடிவமைத்த நீல வீடும் இப்போது கூட்டத்தில் நசுங்குகின்றன. 1980இல் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரானும் அவருடைய பங்காளி பியேர் பெர்ஜேயும் அந்த இடத்தை வாங்கியிராவிட்டால் அங்கே ஒரு தங்கும் விடுதி எழும்பியிருக்கும். தோட்டத்தைவிட, அதே தெருவில் 2017இல் திறக்கப்பட்ட ஈவ் சான் லோரான் அருங்காட்சியகத்துக்கு அதிக நேரம் கொடுக்கும்படி சொல்வேன். ஸ்டூடியோ கேஓ நிறுவனம் வடிவமைத்த அக்கட்டடத்தின் வெளிச்சுவரில், சுட்ட செங்கல் துணியின் ஊடும் பாவும்போல் முன்னும் பின்னுமாக அடுக்கப்பட்டிருக்கிறது. மொராக்கோ மண்ணையும் செங்கல்லையும் கொண்டே, வளைவையும் நட்சத்திரத்தையும் நகலெடுக்காமல், இந்த ஊருக்குரிய ஒரு கட்டடத்தை எழுப்ப முடியும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இப்படிப்பட்ட ஒன்று ஃபெஸில் இல்லை. தோட்டம், அருங்காட்சியகம் இரண்டுக்கும் நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பே வாங்கிவிட வேண்டும். வடிவமைப்பாளர்களின் பட்டறைகளும் காட்சிக்கூடங்களும் நிறைந்த சிதி கானெம் தொழிற்பேட்டை நகருக்கு வெளியே இருப்பதால் டாக்சி தேவைப்படும்.

கடைத்தெருவில் கைத்தொழிலைப் பார்ப்பதில் மீண்டும் ஃபெஸ் மேல். நீல ஓடு பதித்த பூ ஜலூத் வாயிலில் நுழைந்து தலா கெபீரா என்னும் சரிவுத் தெருவில் இறங்கினால், முதலில் பூ இனானியா, பிறகு 18ஆம் நூற்றாண்டு வணிகர் சத்திரத்தில் அமைந்த நஜ்ஜாரின் மரவேலை அருங்காட்சியகம், அத்தாரின் மதரசா, கரவிய்யீன், கன்னார்கள் செம்பு அண்டாக்களைத் தட்டிக்கொண்டிருக்கும் சஃபாரின் சதுக்கம், கடைசியாகச் சுவாரா தோல் பதனிடும் தொட்டிகள் என்று எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வழியில் வரிசையாக வருகின்றன. செதுக்கிய தேவதாருவை மதரசாவில் பார்த்த சிறிது நேரத்துக்கெல்லாம் அதே மரத்தை இழைக்கும் தச்சரைப் பார்க்கலாம். சுவாராவில் தோலின் மயிரைக் களையச் சுண்ணாம்பையும், மென்மையாக்கப் புறா எச்சத்தையும் இன்றும் பயன்படுத்துகிறார்கள். மேலேயுள்ள தோல் கடைகளின் மாடியில் நின்றுதான் பார்க்க வேண்டும், கையில் கொடுக்கும் புதினாக் கொத்தை மூக்கிலிருந்து எடுக்க மனம் வராது. மராக்கேஷில் கொல்லர் சந்தும் சாயக்காரர் சந்தும் உயிரோடு இருக்கின்றன என்றாலும், முதன்மைத் தெருக்களில் இருப்பவை பெரும்பாலும் விற்பனைக் கடைகளே. கம்பளம் மட்டும் விதிவிலக்கு. அத்லஸ் மலை நெசவுகளை ஒழுங்காக அறிய தார் சி சைத் அருங்காட்சியகம் மராக்கேஷில் இருக்கிறது, அதைப் பார்த்தபின் கம்பளம் வாங்கினால் ஏமாறும் வாய்ப்பு குறையும்.

தங்குமிடமும் ஒரு கட்டடப் பாடமாக அமையலாம். சரிவு நகரமான ஃபெஸின் பழைய வீடுகள் உயர்ந்து குறுகியவை, முற்றம் ஒரு கிணறுபோல் ஆழமானது, வெளிச்சம் மேலிருந்து மட்டும் இறங்கும். மராக்கேஷில் நிலம் தாராளம் என்பதால் முற்றத்தில் மரமும் குளமும் வைத்த ரியாத் வீடுகள் அதிகம். வசதிக்கு ரியாத்தே மேல்.

சொந்தமாக வீடு கட்டவோ உள்ளலங்காரம் செய்யவோ யோசனை தேடுபவரும், குழந்தைகளோடு செல்பவரும், செங்குத்தான சந்துகளில் நடக்க முடியாதவரும் மராக்கேஷைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கட்டடக்கலை மாணவர், மண்பாண்டம், மரம், உலோகம் ஆகியவற்றில் கைவைத்தவர், பொருளைவிடச் செய்முறையில் ஆர்வம் உள்ளவர் ஆகியோருக்கு ஃபெஸ். 2023 செப்டம்பர் 8 நிலநடுக்கத்தில் மராக்கேஷின் மெதினாவும் அடிபட்டது. அங்கே செல்பவர்கள், பார்க்க விரும்பும் நினைவுச்சின்னம் அப்போது திறந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஃபெஸுக்குச் செல்பவர்கள் வெள்ளிக்கிழமையைப் பட்டறைகளுக்கு ஒதுக்கக் கூடாது, அன்று பெரும்பாலானவை மூடியிருக்கும். ரமலான் மாதத்தில் வேலை நேரமும் சுருங்கும். இரு நகரங்களிலும் ஜூலை, ஆகஸ்ட் வெயில் கடுமையானது என்பதால் மார்ச் முதல் மே வரையோ, செப்டம்பர் இறுதிக்குப்பின்னரோ பயணத்தை வைத்துக்கொள்ளலாம். காசாபிளாங்காவிலிருந்து மராக்கேஷுக்கு ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள்ளும், ஃபெஸுக்கு நான்கு மணி நேர அளவிலும் போய்ச் சேர்ந்துவிடலாம்.