பழைய டூ இன் ஒன்னை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன்

பழைய ஜப்பான் செட் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு ரிப்பேருக்குக் கொடுங்கள்.

என்னுடைய டூ இன் ஒன்னில் (ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த செட்) கேசட் இழுத்து இழுத்துப் பாடியது. பெல்ட் தளர்ந்திருந்தது, மாற்ற வேண்டும், அவ்வளவுதான். "பழைய செட்டெல்லாம் நமக்குப் பழக்கம்தான் சார், விட்டுட்டுப் போங்க" என்றார் ரிப்பேர்காரர். காசை முழுசாக வாங்கிக்கொண்டுதான் திருப்பிக் கொடுத்தார். போட்டால் மோட்டார் அதிர்கிறது, ஸ்பீக்கர் கரகரக்கிறது.

திறந்து பார்த்ததும் வயிறு எரிந்தது. மோட்டாரைப் பிடிக்கும் ஸ்குரூ ஒன்றின் தலையே இல்லை. டிரில் போட்டுப் பெயர்த்துவிட்டு அங்கே பசையை ஊற்றியிருக்கிறார். பறந்த இரும்புத்தூளெல்லாம் ஸ்பீக்கர் காந்தத்தில் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்குரூவை இளக்க அடித்த எண்ணெய் புது பெல்ட்டிலும் வழிந்திருக்கிறது. எண்ணெய் பட்ட ரப்பர் வழுக்கும், நாளாக ஊதியும் போகும்.

கேட்டால், "துரு சார், வேற வழியில்ல" என்று சாதிக்கிறார். துருவே கிடையாது! மிச்சமிருந்த ஸ்குரூவின் தலையில் கூட்டல் குறிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி இருந்தது. அது ஜே.ஐ.எஸ்., அதாவது ஜப்பான் தர அளவுப்படி செய்த ஸ்குரூ. (எல்லாவற்றிலும் புள்ளி இருக்காது.) நாம் ஸ்டார் என்று சொல்லும் சாதாரண பிலிப்ஸ் முனை அந்தக் குழியில் சரியாக உட்காராது. முறுக்க முறுக்க எகிறி, தலையை மழுக்கிவிடும். போதாததற்கு, அதிர்வில் கழன்றுவிடாமல் இருக்கத் தயாரிக்கும்போதே வைத்த பெயின்ட் வேறு மரையைப் பிடித்திருந்தது. சால்டரிங் அயர்ன் முனையைத் தலையில் சிறிது நேரம் வைத்தாலே அது இளகும். பிறகு ஜே.ஐ.எஸ். முனையை நன்றாக அழுத்தி, இறுக்கும் பக்கம் ஒரு பொட்டு அசைத்துவிட்டுக் கழற்றினால் வந்துவிடும். அடுத்த ஸ்குரூவை நானே அப்படித்தான் எடுத்தேன். பக்கத்தில் பிளாஸ்டிக் இருந்தால் மட்டும் சூட்டில் கவனம். சூட்டுக்குப் பதில் பெயின்டைக் கரைக்க அசிட்டோன் வைத்தால் பிளாஸ்டிக்கே கரையலாம்.

பணம் திரும்பி வரவில்லை. நீங்கள் கொடுக்கும்போது ஜே.ஐ.எஸ். டிரைவர் இருக்கிறதா என்று கேளுங்கள். முழித்தால் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கொடுப்பதாக இருந்தால், "ஸ்குரூ வரலைன்னா டிரில் போடாதீங்க, எனக்குப் போன் பண்ணுங்க" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.