ஓட்டோவில் வரும் சாணைக்காரரிடம் கவ்வாத்துக் கத்தியைக் கொடுக்காதீங்க

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கத் தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓட்டோவின் பின்னால் ஜெனரேட்டரும் கிரைண்டரும் ஏற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் லயம் லயமாக (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்) வந்து "கத்தி சாணை, கத்தரிக்கோல் சாணை" என்று ஸ்பீக்கரில் கூப்பிடுகிற ஒருவர் இருக்கிறார். காய் வெட்டுகிற கத்தியையே யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். கவ்வாத்துக்கு, அதாவது தேயிலைச் செடியின் கொப்புகளை வெட்டிக் குட்டையாக்குகிற வேலைக்கு, வைத்திருக்கும் கத்தியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

மறுநாள் கவ்வாத்து தொடங்க இருந்ததால் எங்கள் லயத்தில் முக்கால்வாசிப் பேர் கத்தியை நீட்டினார்கள். நான் கொடுத்தது அப்பா காலத்துக் கத்தி. லொறி ஸ்பிரிங் தகட்டில் ஆசாரி அடித்துக் கொடுத்தது. "தண்ணி போட்டுத்தானே தீட்டுவீங்க?" என்று கேட்டேன். "தண்ணி இல்லாம யாராச்சும் தீட்டுவாங்களாண்ணே?" என்றார். ரெண்டு மாசம் கேரண்டி என்று போன் நம்பரும் கொடுத்தார். பேச்சு 300 ரூபாய். ஓட்டோவைப் பிள்ளைமடுவத்துக்கு (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டு வேலை பார்த்தார். கத்தி திரும்பி வந்தபோது அப்படி ஒரு மினுக்கம். கூடவே, "கவ்வாத்துக் கத்திக்கு வேற ரேட்" என்று 500 ஆக்கிவிட்டார். அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்த நேரம் அது.

காசை விடுங்கள். மலைக்குப் போனபின்தான் சங்கதி தெரிந்தது. காலையில் முதல் நிரை நன்றாகவே வெட்டியது. தேத்தண்ணி நேரத்துக்கு முன்பே கத்தி வழுக்க ஆரம்பித்துவிட்டது. விளிம்பைப் பார்த்தால் ஒரு பக்கமாக மடிந்து கிடக்கிறது. பெருவிரல் பருமன் கொப்பு ஒரே இழுப்பில் சரிவாக விழ வேண்டும். இங்கே ரெண்டு மூன்று தடவை கொத்தி, பட்டை உரிந்து, சிம்பு சிம்பாகக் கிழிந்தது. வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வந்து செடியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். சாயங்காலம் பலருக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுந்தது. ஓட்டோக்காரருக்கு யார் அரைப்பேர் போடுவது?

கிழிந்த வெட்டு அந்த ஒரு நாளோடு முடிகிற விஷயமும் இல்லை. வெட்டுவாய் வழவழப்பாக, சரிவாக இருந்தால் மழைத்தண்ணீர் வழிந்துவிடும், பட்டையும் சீக்கிரம் மூடும். சிம்பு நின்றால் தண்ணீர் தேங்கும், பூஞ்சணம் இறங்கும், கட்டை உள்ளுக்குள் உக்கும். அடுத்த கவ்வாத்து வர மூன்று நாலு வருசமாவது ஆகும். அதுவரை அந்தச் செடி அந்தக் காயத்தோடுதான் நிற்கும். வெட்டு சுத்தமாக இருக்க வேண்டும் என்று தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் சொல்வது சும்மா இல்லை.

அந்த ஆள் செய்தது என்னவென்றால், தண்ணீரே இல்லாமல் கிரைண்டரில் அழுத்திப் பிடித்திருக்கிறார். ஆசாரி கத்தியைச் சிவக்கக் காய்ச்சித் துவைச்சல் போட்டபின் (சட்டென்று முக்கிக் குளிரவைப்பது), திரும்ப மெதுவாக 200 பாகை செல்சியஸ் சுற்றுக்குச் சூடாக்கித்தான் பதம் கட்டுவார். அதற்கு மேலே சூடு ஏறினால் பதம், அதாவது உருக்கின் கடினம், இறங்கும். விளிம்பு மெல்லிசு என்பதால் முதலில் சூடேறுவதும் அதுதான். இரும்பே நிறம் காட்டிக் கொடுக்கும்: 220, 230 பாகையில் வைக்கோல் மஞ்சள், பிறகு மண்ணிறம், ஊதா, 300 கிட்டே போனால் நீலம். நீலம் பட்ட விளிம்பை எத்தனை தரம் தீட்டினாலும் கூர் நிற்காது. இது அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கடைசியில் பஃப் துணிச் சக்கரத்தில் பிடித்து நிறத்தை அழித்திருக்கிறார். மினுக்கம் வந்த வழி அதுதான். என் கத்தியில் வளைவின் உட்பக்கத்துக்குச் சக்கரம் எட்டவில்லை. நீலக்கோடு அங்கே அப்படியே இருந்தது.

கத்தி திரும்பி வந்தால் முதலில் அந்த உள்வளைவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இன்னொன்று, சின்ன அரத்தை விளிம்போரம் லேசாக இழுங்கள். பதம் உள்ள இடத்தில் அரம் வழுக்கும், போன இடத்தில் கடிக்கும். காசு கொடுக்கும் முன்னமே செய்யுங்கள்.

வீட்டிலேயே தீட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஹார்ட்வெயார் கடையில் ஒரு பக்கம் கரடு, ஒரு பக்கம் மிருதுவாக உள்ள கல் கிடைக்கிறது. தண்ணீரில் ஊறப்போட்டு, தீட்டும்போதும் தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள். கையால் தீட்டினால் பதம் போகிற சூடு வரவே வராது. வளைந்த கத்தி என்பதால் கத்தியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு கல்லை நகர்த்துவதுதான் எனக்கு லேசு. சரிவு ஒவ்வொரு பக்கத்துக்கும் 20 பாகைபோல இருக்கட்டும். 4 சென்டிமீட்டர் அகலக் கத்தியென்றால், கல்லிலிருந்து முதுகு ஏறக்குறைய 14 மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். சந்தேகம் இருந்தால் விளிம்பில் மார்க்கர் பேனாவால் கறுப்படித்துவிட்டுத் தீட்டிப் பாருங்கள், எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. மறுபக்கம் பிசிறு (விளிம்பில் எழும்பும் மெல்லிய இரும்பு ஓரம்) கைக்குத் தட்டுப்பட்டபின் திருப்புங்கள். பிசிறை மிருதுப் பக்கத்தில் எடுத்து, பழைய தோல் பெல்ட்டில் நாலு இழுப்பு. பிசிறு போகும்வரை அவசரப்படாதீர்கள். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் கத்தியைக் கெடுக்கிறார்கள்.

வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள். தேயிலைச் சாற்றிலுள்ள டானின் இரும்பில் பட்டுக் கறுப்பாகும். அதற்குப் பயப்பட வேண்டாம். நம்ம மலைப் பனியில் ஒரே ராத்திரியில் பிடிக்கிற துருதான் எதிரி.

கெட்ட கத்திக்கு வழி இருக்கிறது. எரிந்த பகுதியைத் தண்ணீர் விட்டுக் கல்லில் தேய்த்தே கழித்து, உள்ளே நல்ல உருக்கு வரும்வரை போகலாம். அதிகம் எரிந்திருந்தால் ஆசாரியிடம் கொடுத்துத் திரும்பத் துவைச்சல் போட வேண்டும். அப்பாவின் கத்தி இப்போது பட்டறையில் கிடக்கிறது.

கேரண்டி நம்பருக்கு எடுத்தேன். "கத்திய கல்லுல கொத்திட்டு எங்களச் சொல்றீங்களா?" என்று சொல்லி வைத்துவிட்டார். அதன்பின் எடுக்கவே இல்லை. இப்போது டிக்கோயா பக்கம் சுற்றுவதாகக் கேள்வி. உங்கள் லயத்துக்கு வந்தால், கிரைண்டர் பக்கத்தில் தண்ணீர் வாளி இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைமடுவத்துக்குப் பின்னால் போக விடாதீர்கள்.