மெத்தியோனின் இல்லாத புரதப் பவுடர்: இரண்டு நட்சத்திரம்

என் கணவருக்குப் பெருங்குடல் புற்றுநோய், கீமோ நடக்கிறது. கொழுந்தனார் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, "அண்ணி, இதைக் கொடுங்க, கட்டி பட்டினியிலேயே சுருங்கிடும்" என்று ஒரு டின்னை இணையத்தில் வாங்கி, சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். மெத்தியோனின் என்பது உணவுப் புரதத்தில் இருக்கும் ஒரு அமினோ அமிலம், அது கிடைக்காவிட்டால் கட்டி வளராது என்பது அவர் கணக்கு. 140 வெள்ளி!

பவுடரில் குறையில்லை. மெத்தியோனினைத் தவிர மற்ற அமினோ அமிலங்கள் இருக்கின்றன. ஹோமோசிஸ்டினூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்களின் உடம்பு மெத்தியோனினைச் சரியாகச் செரித்துக் கழிக்காது. அவர்களுக்காகத்தான் இந்த வகைப் பவுடரே. விற்றவர் மட்டும் "புற்றுநோயாளிகளுக்கு உகந்தது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார். ஒரு நட்சத்திரம் அதற்கே போயிற்று.

ருசி? நான் ஒரு வாய் குடித்தேன். கசப்பு, கூடவே ஒரு கவிச்சி. நன்றாகக் குளிரவைத்து, எலுமிச்சைச் சாறு விட்டு, மூடி போட்ட கப்பில் ஸ்ட்ரா வைத்துக் குடித்தால் ஒருமாதிரி இறங்கும். மோரில் கலக்காதீர்கள். பாலில் மெத்தியோனின் இருக்கிறது, அப்புறம் பவுடர் எதற்கு?

அவருக்குக் கொடுக்கும் முன் டின்னைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனை டயட்டீஷியனிடம் போனோம். அந்தப் பெண் டின்னைப் பார்க்கவே இல்லை, "எடை எவ்வளவு குறைந்தது?" என்றுதான் முதலில் கேட்டார். சிகிச்சையில் இருப்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டுமாம். இவர் 58 கிலோ, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆராய்ச்சியையும் அவர் தள்ளிவிடவில்லை. 2019இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு, மனிதக் குடல் கட்டியை எலிகளில் வளர்த்து, மெத்தியோனின் குறைந்த தீனி கொடுத்தபோது கீமோ மருந்து கூடுதலாக வேலை செய்தது. மனிதர்களில் பார்த்தது ஆரோக்கியமான 6 பேரை, 3 வாரம், இரத்தத்தில் என்ன மாறுகிறது என்று மட்டும். இரத்தப் புற்றுநோயில் அஸ்பாரஜினேஸ் ஊசி போட்டு ஒரு அமினோ அமிலத்தைக் குறைப்பது பழைய சிகிச்சை. ஆனால் அது டாக்டர் கண்காணிப்பில் போடும் மருந்து.

மெத்தியோனினைக் குறைக்கும் இந்த உணவுமுறையில் நம் சமையலறை படும் பாட்டைக் கேளுங்கள். முட்டை, மீன், கோழி, தயிர், எள்ளுப்பொடி எல்லாம் வெளியே. நல்லெண்ணெய் தப்பிக்கும், அதில் புரதமே இல்லை. பருப்பில் மெத்தியோனின் குறைவு, அந்தக் குறையை அரிசி ஈடுகட்டுகிறது. இட்லியின் சூட்சுமமே அதுதான், இங்கே அதுவே வில்லன். கீமோ வாரத்தில் இவர் வாய்க்குப் பிடிப்பதோ மீன் சூப்பும் அவித்த முட்டையும்! அதையும் பிடுங்கிவிட்டு இந்தக் கசப்பைக் கொடுக்க எனக்கு மனசு வராது.

டயட்டீஷியனுக்கு ஐந்து நட்சத்திரம். வார்டு நர்ஸிடம் கேட்டாலே நேரம் வாங்கித் தருகிறார்கள். இந்த முறையில் நம்பிக்கை உள்ளவர்கள், மனிதர்களுக்கான மருத்துவச் சோதனையில் சேர வழி உண்டா என்று புற்றுநோய் டாக்டரிடமே கேளுங்கள். அங்கே எடையையும் இரத்தத்தையும் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பார்கள், டின்னோடு யாரும் வருவதில்லை.