ரேர் ரீப்ளே: கைமாறிய கம்பெனியின் முப்பது கேம்கள்

மைக்ரோசாஃப்டின் கேம் கன்சோலான எக்ஸ்பாக்ஸைப் புதிதாக வாங்கியவர்கள் முதலில் என்ன விளையாடலாம் என்று கேட்டால் நான் சொல்வது ரேர் ரீப்ளே. 2015 ஆகஸ்டில் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்காக வந்த தொகுப்பு இது. இப்போதைய சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் இரண்டிலும் ஓடும். ரேர் என்ற பிரிட்டிஷ் கம்பெனி தன் 30-ஆம் ஆண்டுக்கு 30 கேம்களைச் சேர்த்து, 30 டாலருக்கு வெளியிட்டது. 1983-ல் ஸ்பெக்ட்ரம் கணினிக்கு வந்த ஜெட்பேக்கில் தொடங்கி, 2008-ல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த பாஞ்சோ-கஸூயி: நட்ஸ் அண்ட் போல்ட்ஸ் வரை இதில் இருக்கிறது.

காசுக்கு மேலேயே கிடைக்கிறது என்பதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு இது பிடித்ததற்கு வேறு காரணம் உண்டு. ஒரு கேம் கம்பெனியின் முதலாளி மாறினால், அந்தக் கேம் யார் கைக்குப் போகிறது என்பதும் எப்படி மாறிவிடுகிறது? அதை விளையாடியே தெரிந்துகொள்ள இதைவிட நல்ல தொகுப்பை நான் பார்க்கவில்லை.

ரேரைத் தொடங்கியவர்கள் ஸ்டாம்பர் சகோதரர்கள். 1994-ல் டாங்கி காங் கன்ட்ரி என்ற குரங்கு கேமைச் செய்து, ஜப்பானியக் கேம் கம்பெனியான நின்டெண்டோவைத் திரும்பிப் பார்க்க வைத்தவர்கள். நின்டெண்டோ அந்தக் கம்பெனியில் பங்கு வாங்கியது. அது 49 சதவீதம் வரை போனது. மீதியை வாங்கவில்லை. 2002-ல் மைக்ரோசாஃப்ட் 37.5 கோடி டாலர் கொடுத்து முழுக் கம்பெனியையும் வாங்கிக்கொண்டது. எக்ஸ்பாக்ஸ் வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஹேலோ என்ற துப்பாக்கிச் சண்டை கேமை விளையாடும் இளைஞர்களின் பெட்டி என்ற பெயர் அதற்கு விழுந்துவிட்டது. குழந்தைகள், குடும்பம் என்றால் நின்டெண்டோ. ரேர் கையில் பாஞ்சோ என்ற கரடியும் கஸூயி என்ற பறவையும் இருந்தன. குடும்பக் கூட்டத்தைத் தன் பக்கம் இழுக்க மைக்ரோசாஃப்டுக்கு ரேர் தேவைப்பட்டது.

இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு காங்கர்ஸ் பேட் ஃபர் டே-யைப் போட்டுப் பாருங்கள். முதலில் அது சின்னப் பிள்ளைகளுக்கான அணில் கேமாகத்தான் திட்டமிடப்பட்டது. இன்னொரு குழந்தை கேமா என்று விமர்சனம் வந்ததும் ரேர் அதை அடியோடு மாற்றிவிட்டது. அணில் குடிக்கிறது, கெட்ட வார்த்தை பேசுகிறது, மலத்தால் ஆன ஒரு பூதம் ஓபரா பாடிக்கொண்டே சண்டைக்கு வருகிறது. இது வந்தது நின்டெண்டோ 64-ல், 2001 மார்ச்சில், அந்தக் கன்சோலின் அந்திமக் காலத்தில். ஐரோப்பாவில் நின்டெண்டோ இதைத் தன் பெயரில் வெளியிடவே இல்லை. டிஹெச்க்யூ என்ற வேறு கம்பெனிதான் வெளியிட்டது. விற்பனை மோசம். ஆனால் கேம்? அபாரம். அந்த வயதுக் கன்சோலில் அப்படி ஒரு முகபாவம், குரல் நடிப்பு, காட்சிக்குக் காட்சி மாறும் ஆட்டமுறை எல்லாம் இன்றைக்குப் பார்த்தாலும் அசர வைக்கின்றன. வாங்கக்கூடிய ஆட்கள் வேறு கன்சோலில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். 2005-ல் அதே கேமைப் புதுப்பித்து, பெரியவர்களின் பெட்டியான எக்ஸ்பாக்ஸில் விட்டார்கள். நின்டெண்டோவில் தெளிவாகக் கேட்ட வசவுகள் பல அதில் 'பீப்' சத்தத்துக்குள் மறைந்தன! நல்ல வேளை, இந்தத் தொகுப்பில் இருப்பது 2001-ன் அசல். அதற்காகவே ரேர் ரீப்ளே தொகுத்தவர்களுக்கு என் நன்றி.

காங்கருக்கு நேர் எதிர் விவா பின்யாட்டா. என் கருத்தில் இந்தத் தொகுப்பின் உயிரே அதுதான். வெறும் மண்ணைக் கொத்தி, புல் விதைத்து, குளம் வெட்டினால், காகிதத்தால் செய்த மாதிரி இருக்கும் பிராணிகள் ஒவ்வொன்றாகத் தோட்டத்துக்கு வரும். பார்த்தால் பொம்மை, உள்ளே இருப்பதோ கறாரான உணவுச் சங்கிலி. என் அண்ணன் மகள் முதலில் வந்த புழுவுக்குப் பெயர் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். அடுத்து ஒரு குருவி வேலியோரம் வந்து நின்றது. "அத்தை, இந்தக் குருவி இங்கேயே தங்கணும்னா என் புழுவைச் சாப்பிடணுமாம்!" என்று குரல் உடைந்து சொன்னாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு இன்னொரு புழு வருகிறவரை குருவியைக் காக்க வைத்தாள். பாடம் மாதிரி எதையும் சொல்லாமல் ஒரு பிள்ளையை இவ்வளவு யோசிக்க வைக்கும் கேம் எனக்கு வேறு தெரியாது.

ஆனால் இது வந்த நேரத்தைப் பாருங்கள். 2006 நவம்பர், எக்ஸ்பாக்ஸ் 360. அதே வாரத்தில் அதே கன்சோலில் கியர்ஸ் ஆஃப் வார் வந்தது. துப்பாக்கியில் ரம்பம் பூட்டி ஆளை அறுக்கும் கேம். எக்ஸ்பாக்ஸ் என்றால் எது என்று உலகம் அந்த வாரமே முடிவு செய்துவிட்டது. அதே மாதத்தில் நின்டெண்டோவின் வீ கன்சோல் வந்து, விவா பின்யாட்டாவை விளையாட வேண்டிய குடும்பங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனது. வீ கடைசியில் 10 கோடிக்கும் மேல் விற்றது. மைக்ரோசாஃப்ட் சும்மா இருக்கவில்லை, தொலைக்காட்சியில் கார்ட்டூன் தொடர்கூட ஓடியது. ஆனாலும் பிள்ளைக்கு வாங்கும் பெற்றோர் அந்தக் கடை அலமாரிப் பக்கம் போகாதபோது கார்ட்டூன் என்ன செய்யும்? அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே ஸ்டாம்பர் சகோதரர்களும் கம்பெனியை விட்டுப் போனார்கள். எனக்கு அது இன்றும் வருத்தம்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெக்ட்ரம் காலத்துக் கேம்களில் நைட் லோர் மட்டும் நேரம் கொடுத்துப் பார்க்க வேண்டியது. 1984-லேயே அறைக்குள் ஆழம் காட்டிய கேம். பேட்டில்டோட்ஸின் கொடுமையைத் தாங்க ரீவைண்ட் வசதி இருக்கிறது, வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள். பெர்ஃபெக்ட் டார்க் அன்று நின்டெண்டோ 64-ல் திணறி ஓடியது, இங்கே வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பெர்ஃபெக்ட் டார்க் ஜீரோ வேண்டாம். நட்ஸ் அண்ட் போல்ட்ஸைப் பழைய ரசிகர்கள் திட்டினார்கள். வண்டி கட்டும் கேம் என்று நினைத்து விளையாடினால் அருமையாக இருக்கிறது.

இல்லாதவற்றைப் பார்த்தால்தான் சொத்துப் பிரிவினை புரியும். டாங்கி காங் கன்ட்ரி இல்லை, ஏனென்றால் அந்தக் குரங்கு நின்டெண்டோவுடையது. ரேர் செய்த ஜேம்ஸ் பாண்ட் கேமான கோல்டன்ஐ இல்லை, பாண்ட் உரிமை வேறு ஆட்களிடம். கேம் செய்த கைகள் ஒரு வீட்டில், பாத்திரங்கள் இன்னொரு வீட்டில். ரேரின் மிகப் பெரிய வெற்றிகள் ரேரின் ஆண்டுவிழாவுக்கே வர முடியவில்லை.

உண்மையான குறை ஒன்று உண்டு. காங்கரும் விவா பின்யாட்டாவும் ஒன்றாக இருப்பதால் மொத்தத் தொகுப்புக்கும் பெரியவர்களுக்கான 'எம்' ரேட்டிங். பிள்ளைகளின் கணக்குக்கு வயதுக் கட்டுப்பாடு போட்டிருந்தால், அவர்களுக்காகவே செய்த கேம்களும் அதோடு சேர்ந்து பூட்டிக்கொள்ளும். 360 காலத்துக் கேம்கள் தனித்தனியாக இன்ஸ்டால் ஆவதால் விவா பின்யாட்டாவை நேரே திறந்து, பக்கத்தில் உட்கார்ந்து விளையாட வையுங்கள்.

வாங்குவதென்றால் டிஸ்கை விட டிஜிட்டல் பிரதி மேல். 2023 ஜனவரியில் கோல்டன்ஐ ஒருவழியாக எக்ஸ்பாக்ஸுக்கும் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கும் ஒரே நாளில் வந்தபோது, ரேர் ரீப்ளேயை டிஜிட்டலாக வைத்திருந்தவர்களுக்கு அது இலவசமாகக் கிடைத்தது. தூரத்தில் இருக்கும் நண்பர்களோடு ஆன்லைனில் விளையாடும் வசதி மட்டும் ஸ்விட்சில்தான். பாஞ்சோவும் இப்போது ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவில் இருக்கிறது, ஆகவே கரடிக்காக மட்டும் எக்ஸ்பாக்ஸ் வாங்க வேண்டாம். விவா பின்யாட்டாவின் தோட்டத்துக்காக வாங்கலாம். அதன் இரண்டாம் பாகமான டிரபிள் இன் பாரடைஸும் இதிலேயே இருக்கிறது. முதல் பாகத்தில் கை பழகிய பிறகு அதற்குப் போங்கள்.