தூண்டில் இரை: பன்னிரண்டு வருடம் பிசைந்தும் அவித்தும் ஊறவைத்தும் பார்த்தது

நன்னீரில் தூண்டில் போட ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. பெரும்பாலும் தேங்கிய நீர்: குளம், ஏரி, அணைத் தேக்கம். நடுநடுவே மெதுவாக ஓடும் ஆறு. இதற்குள் கோல், ரீல், நரம்பு எல்லாம் மூன்று நான்கு முறை மாறிவிட்டன. ஆனால் ஒரு நாள் மீனோடு திரும்புவேனா வெறுங்கையோடு திரும்புவேனா என்பதை அவற்றைவிட முள்ளில் கோத்த இரைதான் அதிகம் முடிவு செய்திருக்கிறது. முதல் ஐந்து வருடம் இரை என்றாலே மணம் என்றுதான் நினைத்திருந்தேன். எந்த எசன்ஸ், எத்தனை சொட்டு, எதோடு எதைக் கலப்பது என்றே காலம் போனது. இப்போது யாராவது கேட்டால், முதலில் பதத்தைப் பாருங்கள் என்பேன். இந்த மாற்றம் எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

எல்லோரையும் போல நானும் மாவில்தான் தொடங்கினேன். கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, வெனிலா நாலு சொட்டு விட்டு, உருட்டி முள்ளில் வைத்துப் போடுவேன். தக்கை ஆடும். இழுத்தால் வெறும் முள் வரும். ஒரு நாள் தண்ணீர் நன்றாகத் தெளிந்திருந்தது. கரையோரம் முழங்கால் ஆழத்தில் அதே உருண்டையைப் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தேன். ஒரு நிமிடத்தில் உருண்டையின் மேல்பக்கம் வெளுத்துப் பஞ்சு போல் ஊதியது. விரல் நீளக் குஞ்சுகள் பத்துப் பதினைந்து வந்து ஆளுக்கொரு பக்கம் கொத்த ஆரம்பித்தன. ஒவ்வொரு கொத்துக்கும் மாவு புகை மாதிரி கிளம்பியது. மூன்றாவது நிமிடம் முள் மட்டும் தனியாக மினுங்கிக்கொண்டிருந்தது. அதுவரை நான் ஒரு தடவை போட்டால் அரை மணி நேரம் காத்திருப்பேன். அதில் பெரும்பகுதி நேரம் தண்ணீருக்குள் இரையே இருந்ததில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. எந்த மாவாக இருந்தாலும், கிளம்பும் முன் ஓர் உருண்டையைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு இருபது நிமிடம் வைப்பேன். உருவம் குலையாமல், சுற்றியுள்ள தண்ணீர் மட்டும் லேசாகக் கலங்கியிருந்தால் பதம் சரி. தண்ணீர் பளிச்சென்று இருந்தால் மாவு இறுகிவிட்டது, உள்ளே இருக்கிற சுவை வெளியே வராது. அடியில் மாவு படிந்திருந்தால் இன்னும் பிசைய வேண்டும். தயாராக விற்கும் மாவுகளையும் இப்படித்தான் சோதிக்கிறேன். ஒன்று டப்பாவைத் திறந்ததுமே வாசனை ஆளைத் தூக்கியது, டம்ளரில் போட்டதும் நாலே நிமிடத்தில் கரைந்துபோனது.

இப்போது நான் நிலையாக வைத்திருக்கும் கலவை இதுதான்: கோதுமை மாவு இரண்டு பங்கு, கொரகொரப்பாக உடைத்த மக்காச்சோளம் ஒரு பங்கு, பொடித்த கடலைப் புண்ணாக்கு ஒரு பங்கு, ஒரு சிட்டிகை உப்பு. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம்தான் பிடிமானம் தருகிறது. தண்ணீர் பட்டுப் பிசையப் பிசையத்தான் அது இழை இழையாகச் சேரும், அதனால் பத்து நிமிடமாவது அழுத்திப் பிசைய வேண்டும். சோள நொய்யும் புண்ணாக்கும் அந்த இழைகளுக்கு நடுவே சின்னச் சின்ன வழிகளை விடும். சுவை அந்த வழியாகத்தான் கசியும். பிசைந்த மாவை ஈரத் துணியால் மூடி அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் தொட்டால் காது மடல் போல இருக்க வேண்டும். மாவு கரையாமல் இருக்கப் பஞ்சைப் பிய்த்துச் சேர்ப்பவர்கள் உண்டு. நானும் ஒரு வருடம் சேர்த்தேன், நன்றாகவே நின்றது. ஆனால் முள்ளில் மாட்டாமல் இரையை மட்டும் விழுங்கிப் போகிற மீனின் வயிற்றில் அந்தப் பஞ்சு செரிக்காது என்பதால் விட்டுவிட்டேன்.

குஞ்சு மீன் தொல்லை அதிகமுள்ள நீர் என்றால் தண்ணீருக்குப் பதில் முட்டை. அதே மாவை முட்டை ஊற்றிப் பிசைந்து, கோலிக்குண்டு அளவில் உருட்டி, கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, துணியில் பரப்பி ஓர் இரவு உலர்த்தினால் மேலே தோல் கட்டிவிடும். இவ்வளவு கெட்டியாக இருந்தால் மீன் எப்படித் தின்னும் என்று எனக்கும் பயம் இருந்தது. கெண்டை இனத்துக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள் இருக்கிறது. சாதாக் கெண்டையின் தொண்டைப் பல் நம் கடைவாய்ப் பல் மாதிரி தட்டையானது. நத்தை ஓட்டையே நொறுக்குகிற பல்லுக்கு அவித்த மாவு உருண்டை பெரிய விஷயமே இல்லை. குஞ்சுகளால்தான் அதை ஒன்றும் செய்ய முடியாது. உருண்டைக்கு மாறிய பிறகு எனக்குக் கொத்து குறைந்தது, கிடைத்த மீனின் அளவு கூடியது.

மணம் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வெனிலா, பூண்டு, வெந்தயம், சோம்பு எண்ணெய், கருவாட்டுப் பொடி எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. பூண்டும் கருவாட்டுப் பொடியும் இன்றும் என் பையில் இருக்கின்றன. ஆனால் நம் மூக்குக்கு எட்டுவது வேறு, மீனுக்கு எட்டுவது வேறு. தண்ணீரில் கரைவதுதான் மீனுக்குப் போய்ச் சேரும். புரதம் சிதைந்து வரும் அமினோ அமிலங்கள் அப்படிக் கரைபவை, அதனால்தான் மீன் தூளும் ரத்தமும் வேலை செய்கின்றன. எண்ணெய் தண்ணீரோடு கலக்காமல் மேலே ஏறிவிடும், குளிர்ந்த நீரில் இறுகிக்கொண்டு அதுவும் சரியாகப் பரவாது. குளிர் மாதங்களில் எண்ணெய் வகைகளை நான் தொடுவதே இல்லை. இன்னொன்று, சொட்டு கூடினால் மீன் கூடும் என்று எண்ணக் கூடாது. எசன்ஸைத் தாராளமாக ஊற்றிய நாட்களில் தக்கை அசையாமல் நின்றதைப் பல முறை பார்த்திருக்கிறேன். வண்டிக்கு எண்ணெய் போட்ட கையோடு மாவைத் தொட்டால் அன்றைய கதையே முடிந்தது. கரைக்குப் போனதும் கையில் கொஞ்சம் மண்ணைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் இரையைத் தொடுகிறேன்.

மண்புழுவுக்கு ஈடாக ஓர் இரையைச் சொல்லச் சொன்னால் என்னால் முடியாது. கெண்டை, கெளுத்தி, விலாங்கு, ஜிலேபி, எல்லாம் எடுக்கும். ஆனால் தோண்டிய கையோடு முள்ளில் கோப்பதற்கும் இரண்டு நாள் வைத்துக் கோப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. தோண்டியதும் புழுவின் வயிறு முழுக்க மண். முள் பட்டதும் அது பிதுங்கி வெளியே வரும், புழு தொளதொளவென்று ஆகிவிடும். மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் ஈரமான தென்னை நார்த் தூளோ கிழித்த காகிதமோ நிரப்பி, நிழலில் இரண்டு நாள் விட்டால் மண்ணெல்லாம் கழிந்துவிடும். தோல் சிவந்து கெட்டிப்படும், முள்ளில் நெளிவதும் கூடும். புழு தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது, ஆகவே ஈரம் காயவே கூடாது. அதற்காகத் தண்ணீர் தேங்கவும் விடக் கூடாது. கைப்பிடி நாரைப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், அதுதான் அளவு. தினமும் ஒரு தடவை திறந்து செத்ததைப் பொறுக்கி எறியுங்கள். ஒன்று அழுகினால் மறுநாள் பாதி டப்பா போய்விடும்.

கோப்பதில் ஒரு சின்ன விஷயம். புழுவின் உடம்பில் தலைப்பக்கமாக ஒரு தடித்த பட்டை இருக்கும். அங்கேதான் தோல் உறுதி. முள்ளை அதற்குள் நுழைத்து, நடுவில் இன்னொரு குத்து, வாலை விரல் கடை நீளம் தொங்கவிட்டால் போதும். முழுப் புழுவையும் முள்ளில் காலுறை மாதிரி ஏற்றினால் அசைவே இருக்காது. 8 அல்லது 10ஆம் எண் முள் இதற்குச் சரி. முள் எண்ணில் புதிதாக வருபவர்கள் குழம்புவார்கள், எண் கூடக் கூட முள் சிறியது.

தானியத்துக்கு வந்தால், எனக்குப் பிடித்தது காய்ந்த மக்காச்சோளம். ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும்வரை அரை மணி முக்கால் மணி நேரம் வேகவைப்பேன். சிலது வெடித்திருக்க வேண்டும். அரைகுறையாக ஊறிய தானியத்தைத் தண்ணீரில் வீசக் கூடாது, அது மீனின் வயிற்றுக்குள் போய் உப்பும். வெந்த தண்ணீரைக் கொட்டாமல், சோளத்தை அதிலேயே இரண்டு மூன்று நாள் மூடி வைத்தால் புளித்து, தண்ணீர் கெட்டியாகி, திறந்ததும் ஒரு புளிப்பு வாடை வரும். அதைக் கெண்டை விரும்புகிற மாதிரி வேறு எதையும் விரும்பி நான் பார்த்ததில்லை.

வேர்க்கடலையில் ஒரு தடவை தப்பு செய்துவிட்டேன். மூட்டையின் அடியில் கிடந்த பழைய கடலை, அங்கங்கே பச்சைப் பூசணம். வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்து இரண்டு கிலோ அளவுக்கு வேகவைத்து, பாதியைத் தீனியாக வீசியும் விட்டேன். கடலையில் வரும் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை விடும், கொதிக்கவைத்தாலும் அது போகாது என்று பிற்பாடுதான் தெரிந்தது. மீனுக்கும் அது ஈரலைக் கெடுக்கும். இன்று வரை அந்தக் குளத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். நாம் தின்னத் தயங்கும் கடலையை மீனுக்கும் போடாதீர்கள்.

கெட்டியான சோளத்தையும் உருண்டையையும் முள்ளில் குத்த வேண்டியதே இல்லை. முள்ளுக்குக் கீழே ஒரு சிறு நூலில் தொங்கவிடலாம். 1980 வாக்கில் இங்கிலாந்தில் லென்னி மிடில்டன், கெவின் மேடாக்ஸ் என்ற இருவர் உருவாக்கிய முறை இது. முதலில் நிஜத் தலைமுடியில்தான் கட்டிப் பார்த்தார்கள், அதனால் முடிக்கட்டு என்றே பெயர் வந்தது. கெண்டை இரையை உறிஞ்சிப் பார்த்துத் துப்பும் பழக்கம் உள்ளது. இரை தனியாகத் தொங்கினால் உறிஞ்சும்போது முள்ளும் சேர்ந்து உள்ளே போகும், துப்பும்போது உதட்டில் மாட்டும். இதற்கு மாறியது முதல் தொண்டையில் முள் ஏறிய மீனை நான் அநேகமாகப் பார்ப்பதே இல்லை. திரும்ப விடுகிற மீனுக்கு இது பெரிய உபகாரம்.

கெளுத்திக்குக் கோழி ஈரல். மீசையில் மட்டும் இல்லாமல் உடம்பு முழுக்கவே சுவை மொட்டுகள் உள்ள மீன் அது, கலங்கிய இரவு நீரிலும் தேடி வரும். ஈரலின் குறை அதன் கொழகொழப்புதான், வீசும்போதே பிய்ந்து பறக்கும். துண்டு போட்டு, கல்லுப்பைத் தூவி ஓர் இரவு குளிரில் வைத்தால் தண்ணீர் கழன்று ரப்பர் மாதிரி இறுகும். முள்ளில் கோத்த பிறகு தையல் நூலால் நாலைந்து சுற்று. இறாலுக்கும் இதே உப்பு வைத்தியம்தான்.

ரொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓரத்துப் பட்டை மிதக்கும், உள் சதையை அழுத்தினால் மெல்ல மூழ்கும். மேலே வாயைத் திறந்து சுற்றும் மீன் தெரிந்தால் பட்டை போதும். விரால் கண்ணால் பார்த்து அசைவைத் துரத்துகிற மீன், அதற்கு மாவோடு மல்லுக்கட்டுவது வீண். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தோடு சுற்றும் விராலைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். காவலுக்கு நிற்கிற தாயையும் தகப்பனையும் எடுத்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீனுக்கு இரையாகிவிடும்.

காலத்துக்கு ஏற்ற அளவும் முக்கியம். மீன் குளிர் ரத்தப் பிராணி. சாதாக் கெண்டை 20 டிகிரிக்கு மேல் அள்ளித் தின்னும், 10 டிகிரிக்குக் கீழே போனால் தொட்டுக்கொள்வதோடு சரி. குளிரில் பட்டாணி அளவு மாவு, ஒற்றைச் சோளம், அரைப் புழு. கோடையில் பெரிதாக வைக்கலாம், ஆனால் தீனியை அள்ளிக் கொட்டாதீர்கள். சூடான நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு, மிஞ்சிய தீனி அழுகினால் இன்னும் குறையும். தவிடும் ரொட்டித்தூளும் கலந்து, கையில் அழுத்தினால் உருண்டையாகவும் அடியில் விழுந்ததும் உதிர்வதாகவும் பிசைந்து, தொடக்கத்தில் நாலு உருண்டை, பிறகு ஒரு மீன் கிடைத்தால் ஓர் உருண்டை. இதில் பதம் நேர் எதிர்: முள் மாவு நிற்க வேண்டும், தீனி மாவு உதிர வேண்டும்.

மிஞ்சிய மாவையும் சோளத்தையும் வீட்டுக்கே கொண்டுவந்து உரக் குழியில் போடுகிறேன். புழுவையும் கரையில் கொட்டுவதில்லை. வட அமெரிக்காவின் வடக்குக் காடுகளில் பனியுகத்துக்குப் பிறகு மண்புழுவே இல்லாமல் இருந்தது. தூண்டில்காரர்கள் கொட்டிவிட்டுப் போன புழுக்களும் சேர்ந்துதான் அங்கே அவை பரவி, காட்டுத் தரையின் இலை மக்கையே தின்று தீர்த்துக்கொண்டிருக்கின்றன. வீடு வந்ததும் டப்பாவைத் திறந்து, செத்ததைப் பொறுக்கி, நாரைப் பிழிந்து ஈரம் பார்த்துவிட்டு, நிழலில் வைத்து மூடுகிறேன். அடுத்த தடவைக்கு அதே புழுக்கள்தான்.