தீவுப்பக்க இணையத்தில் நாளாந்தம் மாறும் கோப்பை இறக்குவது

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான புங்குடுதீவில் போன் கதைக்கலாம், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பலாம், முற்றத்தில் நின்றால் வீடியோ கோலும் ஓரளவு போகும். பெரிய கோப்பு ஒன்றை முழுதாக இறக்குவதுதான் இன்னும் பெரும்பாடு. அது நாளாந்தம் மாறுகிற தரவுத்தளக் கோப்பு என்றால் பாடு இரட்டிப்பு. ஊருக்குப் போய் அங்கிருந்தே இப்படியான வேலை செய்ய நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் போனது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வேலைக்காக. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடம் அது. எங்கள் பக்கத்து ஒழுங்கைகள், கேணிகள், நல்ல தண்ணீர்க் கிணறுகள், குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகிற வழிகள் எல்லாவற்றையும் அதில் ஏற்ற வேண்டும் என்பது என் நீண்டநாள் ஆசை. கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் பல வருடம் கழித்து வருகிறவர்கள் தங்கள் வளவு எந்த ஒழுங்கைக்குள் இருந்தது என்று தெரியாமல் நிற்பதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். வேலி இல்லை, கூரை இல்லை, அடையாளம் சொன்ன மரமும் இல்லை. உவர்க் கிணறுகளுக்கு நடுவே எந்தக் கிணற்றில் குடிக்கிற தண்ணீர் இருக்கிறது என்பதும் ஓட்டோக்காரருக்கும் புதிதாக வருகிறவருக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான். சிக்னல் போய்ப் போய் வருகிற இடம் என்பதால் வரைபடம் போனுக்குள்ளேயே இருக்க வேண்டும். நாங்கள் திருத்தியது அதில் தெரிய வேண்டுமென்றால் புதிய கோப்பு இறங்க வேண்டும்.

இலங்கைக்கான கோப்பை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ நகரில் இருக்கும் ஜியோஃபாப்ரிக் என்ற நிறுவனம் நாளாந்தம் புதிதாகச் செய்து இலவசமாக வைக்கிறது. 100 எம்பிக்கு மேல் வரும். விநாடிக்கு 25 கிலோபைட் என்று சீராக வந்தால்கூட 100 எம்பிக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். காத்திருப்பது பெரிய விஷயமில்லை, ஆனால் அந்த நேரம் முழுக்க இணைப்பு அறாமல் இருக்காது, பின்னேரத்தில் எல்லாரும் போனை எடுத்தால் போச்சு.

அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாமே என்பீர்கள், தொடரலாம். இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. 'லேட்டஸ்ட்' என்று முடிகிற பெயருக்குப் பின்னால் இருக்கிற கோப்பு நாளைக்கு வேறு கோப்பு. இன்று பாதி இறங்கி, நாளை டபிள்யூகெட் என்ற இறக்கும் கருவிக்கு 'தொடர்' என்று சொன்னால், அது இத்தனை பைட் ஏற்கெனவே இருக்கிறது, மிச்சத்தைத் தா என்றுதான் கேட்கும், கோப்பு மாறிவிட்டதா என்று பார்க்காது. முன்பாதி நேற்றையது, பின்பாதி இன்றையது, அளவு மட்டும் சரியாக இருக்கும், திறந்தால் குப்பை. உலாவிகள் பொதுவாக இதில் கவனமானவை. கோப்பு மாறவில்லை என்றால் மட்டும் மிச்சத்தைத் தா, மாறியிருந்தால் முழுதையும் தா என்று சேவையகத்திடம் கேட்கும். குப்பை வராது, ஆனால் மாறியிருந்தால் முதலிலிருந்து தொடங்கும், அதுவரை செலவான டேட்டா அவ்வளவும் வீண்.

ஆகவே பெயரில் தேதி உள்ள கோப்பையே எடுங்கள். ஜியோஃபாப்ரிக்கில் ஒவ்வொரு நாளின் கோப்பும் அந்தத் தேதியோடு சில நாளுக்கு இருக்கும், அதன் உள்ளடக்கம் மாறாது என்பதால் இரண்டு இரவில் இறக்கினாலும் பிழைக்காது. கூடவே இருக்கிற எம்டி5 கோப்பையும் எடுத்து, அதிலுள்ள சரிபார்ப்பு எண்ணை வைத்துக் கோப்பு பிழையில்லாமல் இறங்கியதா என்று இறுதியில் பாருங்கள், சில பைட்தான்.

அதைவிட நல்லது, முழுக் கோப்பை வெளிநாட்டில் இருக்கும்போதே மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு போய், ஊரில் மாற்றங்களை மட்டும் இறக்குவது. நாளுக்கொரு மாற்றக் கோப்பு வரும், இலங்கைக்கு அது பெரும்பாலும் ஒரு எம்பிகூட வருவதில்லை. பையோஸ்மியம் என்ற கருவி உங்கள் கோப்பின் தலைப்பகுதியைப் படித்து, அது எந்த நாள்வரை வந்திருக்கிறது, மிச்சத்தை எங்கே எடுப்பது என்று தானே கண்டுபிடித்துக்கொள்ளும். இடையில் அறுந்தால் போவது ஒரு சின்னத் துண்டுதான். போனில் ஓஸ்மாண்ட் என்ற வரைபடச் செயலி வைத்திருப்பவர்களுக்கும் இதே மாதிரி மணிக்கோ நாளுக்கோ ஒருதரம் சின்னதாகப் புதுப்பிக்கிற வசதி இருக்கிறது. கோப்பில் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்புகிற ஆர்சிங்க் பாவித்தால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். அது அருமையான கருவி, ஆனால் வரைபடக் கோப்பு உள்ளே சுருக்கப்பட்டது, சின்னத் திருத்தம்கூடப் பெரிய பகுதியை வேறாக்கிவிடும், அதனால் இதற்கு அவ்வளவாக உதவாது.

இனி சேவை. பாஸ்போர்ட்டைக் காட்டிக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே சிம் எடுத்தேன், சுருக்காக முடிந்தது. ரீலோட் செய்வதும் எந்தப் பெட்டிக்கடையிலும் நடக்கிறது. ஆனால் நான் போட்ட பக்கேஜில் பெரிதாக எழுதியிருந்த ஜிபி கணக்கில் பாதிக்கு மேல் இரவு டேட்டா, நள்ளிரவு 12 மணிக்குப் பிறகுதான் பாவிக்கலாம். அதைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். இது நியாயமே இல்லை, வயதான சனம் இதை எப்படி வாசிப்பார்கள்? அவர்களின் வாடிக்கையாளர் இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டால், உங்கள் பகுதியில் சிக்னல் நன்றாக இருக்கிறது என்ற பதில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. எனக்குச் சிக்னல் பிரச்சினை இல்லை, இணைப்பு அறுவதுதான் பிரச்சினை என்பதை அவர்களுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை.

சரி, இரவு டேட்டாவை இரவிலேயே பாவிப்போம் என்று முடிவெடுத்தோம். அக்காவின் மகன் பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, விடியப்புறம் 2 மணிக்குத் தானாக மாற்றங்களை இறக்கிச் சேர்க்கிற மாதிரி செய்து வைத்திருக்கிறான். அந்த நேரத்தில் வலையமைப்பும் வெறிச்சோடிக் கிடக்கும், பகலில் அறுகிற இணைப்பு அப்போது நிற்கும். கரண்ட் போய் ஒரு இரவு தவறினாலும் அடுத்த இரவு இரண்டு நாள் மாற்றமும் சேர்ந்து வந்துவிடும். காலையில் ஓட்டோத் தரிப்பிடத்தில் கேட்கிறவர்களுக்குப் பென்டிரைவில் கொடுக்கிறான். நீண்ட நாள் நின்றுபோனால் துண்டு துண்டாகச் சேர்ப்பதைவிட, யாழ்ப்பாணம் டவுனில் ஃபைபர் இணைப்பு உள்ள நண்பர் வீட்டில் முழுக் கோப்பை எடுத்து பஸ்ஸில் கொண்டுவருவது லேசு.

தரவுத்தளங்களை வெளியிடுகிற எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன். தேதி போட்ட பெயர், சரிபார்ப்பு எண், நாளாந்த மாற்றக் கோப்பு, இந்த மூன்றையும் வையுங்கள். வேகமான இணைப்பில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, குறிகட்டுவான் பக்கத்தில் இருக்கிற பெடியனுக்கு அந்தத் தரவு கிடைப்பதும் கிடைக்காததும் இதில்தான் இருக்கிறது.