ஜிபி ரோட்ல சப்வூஃபர் போட்டேன்: மீட்டர் வச்சு கெயின் செட் பண்ற கடை

சென்னையில காருக்கு எது மாட்டணும்னாலும் ஜிபி ரோடுதான், ஆனா நான் பார்த்த கடைகள்ல முக்கால்வாசி பேர் காதை வச்சுதான் ஆம்ப்ளிஃபயரோட (ஆம்ப்) கெயின் நாப்ப திருப்புறாங்க, ஒரு குத்துப்பாட்டு போட்டு டிக்கி அதிர்ற வரைக்கும் திருகிட்டு "செமயா இருக்குல்ல சார்"னு சாவிய கையில குடுத்துடுவாங்க. இந்த கடை அப்படி இல்ல. சின்ன கடை, வேலை பாக்குறது ரெண்டே பேர், போர்டு கூட மங்கிப் போயிருக்கும், ஆனா ஆம்ப்பையும் சப்பையும் (சப்வூஃபர், பாஸுக்கான ஸ்பீக்கர்) கணக்கு போட்டு சேக்குறாங்க. அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

என் வண்டி ஸ்விஃப்ட். சப் பயோனியர் டிஎஸ்-ஏ300டி4, 12 இன்ச், டூயல் 4 ஓம் வாய்ஸ் காயில், அதாவது உள்ள ரெண்டு கம்பிச் சுருள், ஒவ்வொண்ணோட மின்தடையும் 4 ஓம். டப்பா மேல 1500 வாட்ஸ்னு பெருசா இருக்கும், அத கண்டுக்காதீங்க, ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தாங்குற பவர், 500, அதுதான் கணக்கு. வேற கடைகள்ல எனக்கு காட்டினதெல்லாம் 3000 வாட்ஸ்னு ஸ்டிக்கர் ஒட்டின பேர் தெரியாத ரெண்டு சேனல் ஆம்ப். இந்த கடை அண்ணன்தான் எடுத்த எடுப்புலயே "தம்பி, காயில் எத்தனை ஓம், சிங்கிளா டூயலா?"னு கேட்டாரு.

அந்த கேள்வியிலதான் எல்லாமே இருக்கு. ரெண்டு 4 ஓம் காயில பேரலல்ல போட்டா 2 ஓம், சீரிஸ்ல போட்டா 8 ஓம், ஒரே சப்ப வச்சு ரெண்டு காயிலையும் ஓட்டினா நடுவுல 4 ஓம்னு ஒண்ணு கிடையாது. ரெண்டு சேனல் ஆம்ப்ப பிரிட்ஜ் பண்ணா, அதாவது ரெண்டு சேனலையும் சேத்து ஒரே சப்ப ஓட்டினா, பெரும்பாலும் 4 ஓமுக்கு கீழ தாங்காது, ஏன்னா பிரிட்ஜ்ல ஒவ்வொரு சேனலுக்கும் பாதி லோடுதான் தெரியும், 2 ஓம் மாட்டினா சேனலுக்கு 1 ஓம், சூடேறி, தன்னை காப்பாத்திக்க தானே ஆஃப் ஆகி ப்ரொடெக்ட்ல போய் உக்காந்துக்கும். 8 ஓம்ல மாட்டினா பவர் பத்தாது. அதனால ஒரே சேனல் இருக்கிற மோனோ பிளாக் தான் சரின்னு பயோனியர் ஜிஎம்-டி8701 எடுத்து வச்சாரு. 4 ஓம்ல 300, 2 ஓம்ல 500, 1 ஓம்ல 800 வாட்ஸ் ஆர்எம்எஸ். நம்ம சப் 2 ஓம்ல 500, ஆம்ப்பும் 2 ஓம்ல 500. இத விட பொருத்தமான ஜோடி தேடவே வேணாம். 800ன்ற நம்பர பார்த்து யாரும் மயங்க வேணாம், அது 1 ஓமுக்கு, நம்மளுக்கு சம்பந்தமே இல்ல.

வயரிங் நல்ல வேலை. கரண்ட்ட அதிகம் வீணாக்காத கிளாஸ் டி ஆம்ப்னாலும் 500 வாட்ஸ் முழுசா குடுக்கிறப்ப 45 ஆம்ப் கிட்ட இழுக்கும், அதுக்கு 4 கேஜ் சுத்த காப்பர் வயர் போட்டாங்க, காப்பர் பூசின அலுமினியம் இல்ல. ஃபியூஸ் பேட்டரி பக்கத்துலயே. கிரவுண்டுக்கு டிக்கியில பெயிண்ட சுரண்டி வெறும் இரும்பு தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் போல்ட் போட்டாங்க. பவர் வயர் ஒரு சைடு, பாட்டு சிக்னல் வர்ற ஆர்சிஏ வயர் இன்னொரு சைடு, ஆல்டர்னேட்டர் இரைச்சல் துளி கூட இல்ல.

இப்ப கெயின் விஷயம். கெயின் வால்யூம் நாப் கிடையாதுங்க, ஸ்டீரியோ அனுப்புற வோல்டேஜுக்கும் ஆம்ப் எதிர்பார்க்குற வோல்டேஜுக்கும் பொருத்தம் பாக்குற இடம், அவ்வளவுதான். அண்ணன் முதல்ல ஸ்டீரியோவுல ஈக்யூ, லவுட்னெஸ், பாஸ் பூஸ்ட் எல்லாத்தையும் ஜீரோ பண்ணாரு, ஆம்ப்போட வர்ற பாஸ் ரிமோட்டையும் ஜீரோவுல வச்சாரு, இத நிறைய பேர் விட்டுடுவாங்க, பின்னாடி அந்த ரிமோட்ட ஏத்தினா பண்ணின செட்டிங் எல்லாம் வீண். அப்புறம் சிக்னல் அலையோட வடிவத்த காட்டுற கையடக்க ஸ்கோப்ப மாட்டி 50 ஹெர்ட்ஸ் டோன் போட்டு ஸ்டீரியோவையே செக் பண்ணாரு. வால்யூம் 40 வரைக்கும் போகும், 34 தாண்டினதும் அலையோட தலை தட்டையாக ஆரம்பிச்சுது. ஆம்ப் என்ன நல்லதா இருந்தாலும் அங்கயே சிக்னல் கெட்டுப்போச்சுன்னா என்ன பண்றது, அதனால 33ல நிறுத்திட்டாரு, இனிமே அதுக்கு மேல போகக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு. அடுத்து சப்ப கழட்டிட்டு, என்ஜின் ஓட விட்டு, மீட்டர ஏசி வோல்ட்ல வச்சு ஆம்ப் டெர்மினல்ல குத்தினாரு. 500 வாட்ஸையும் 2 ஓமையும் பெருக்கினா 1000, அதோட வர்க்கமூலம் 31.6 வோல்ட். லோடு இல்லாம அளக்குறதால கொஞ்சம் கீழயே, 30ல விட்டாரு. கெயின் நாப் பாதி கூட திரும்பல!

காதுக்கு பஞ்ச் மாதிரி அடிக்கிறதெல்லாம் பெரும்பாலும் கிளிப்பிங், அதாவது அலையோட தலை வெட்டுப்பட்டு தட்டையாகுறது. சைன் அலை முழுசா தட்டையாகி சதுரமாயிட்டா அதே உச்சத்துல பவர் ரெண்டு மடங்கு, காயில் சூடாகி கருகுற வாசனை வர்றது அதனாலதான். சின்ன ஆம்ப் போட்டா சப் போயிடும்னு சொல்றாங்களே, ஆம்ப் சின்னதா இருக்கிறதால போகாது, சத்தம் பத்தலன்னு கெயின முழுசா ஏத்தி கிளிப் பண்றதாலதான் போகும்.

சப்புக்கு லோ பாஸ் 80 ஹெர்ட்ஸ், அதுக்கு கீழ உள்ள சத்தம் மட்டும் போகும், டோர் ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் அதே 80, அதுக்கு மேல உள்ளது. சப்போட ஃபேஸ 180க்கு மாத்தினதும், அதாவது அலைய தலைகீழா திருப்பினதும், முன் சீட்ல பாஸ் சட்டுனு நெருங்கி வந்துச்சு. காத்து போக வழியில்லாத சீல்டு பாக்ஸ்ன்றதால ராஜா சார் பாட்டுல பேஸ் கிட்டார் ஒவ்வொரு நோட்டா தனித்தனியா கேக்குது, மிருதங்கத்தோட தொப்பி பக்கம் அப்படியே நெஞ்சுல விழுது. வெளிய கார் அதிரணும்னு ஆசைப்படுறவங்களுக்கு இது கொஞ்சம் கம்மியா தெரியலாம், எனக்கு இதுதான் பாஸ்.

குறைன்னு பார்த்தா, லேபர் பக்கத்து கடைகளை விட அதிகம், பேரம் பேசினா அண்ணன் முகம் சுருங்கிடும். மதியத்துக்கு மேல வண்டி விட இடமே கிடைக்காது. பாக்ஸுக்கு கார்பெட் ஒரே கலர்தான், கருப்பு. அப்புறம் வேலை முடியுற வரைக்கும் பாதி நாளுக்கு மேல ஆச்சு, உக்கார ஒரே ஒரு ஸ்டூல்தான்.

போறதா இருந்தா வார நாள்ல கடை திறக்குற நேரத்துக்கே போயிடுங்க, சப் ஏற்கனவே வச்சிருக்கீங்கன்னா மாடல் நம்பர், ஆர்எம்எஸ், ஓம் மூணையும் குறிச்சுட்டு போங்க, கம்பெனி ஸ்டீரியோ மாத்த இஷ்டம் இல்லன்னா அதையும் முதல்லயே சொல்லிடுங்க, ஸ்பீக்கர் வயர்லேர்ந்தே சிக்னல் எடுத்து பண்ணி தர்றாங்க.